கூலியோடு வந்த புகையிலை

புகையிலை தமிழர்க்குத் தொன்றுதொட்டு வந்த பொருளன்று. கோவலனுக்கு உணவிட்டபின் கண்ணகி வெற்றிலை பாக்கு அளித்ததைச் சிலப்பதிகாரம் கூறும். ஆயின் நம் பழைய நூல்களில் புகையிலை இல்லை. அமெரிக்கக் கண்டத்துப் பயிராகிய அதனை இந்தியாவிற்குக் கொணர்ந்தவர் போர்த்துக்கீசியர். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் அப்பயிர் ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பால் வளர்ந்தது. தமிழகத்திலோ, சீனிச்சர்க்கரைப் புலவர் 'புகையிலை விடு தூது' என ஒரு சிற்றிலக்கியமே இயற்றுமளவிற்கு அதன் மதிப்பு உயர்ந்தது.

செல்வர்க்கு இன்பப் பொருளாயிருந்த இவ்விலை ஏழைகளிடம் வேறு வழியில் வந்தது. பண்ணைகளில் உழைத்த நம் முன்னோர்க்குக் கூலியோடு வெற்றிலையும் புகையிலையும் கொடுப்பது பல ஊர்களில் வழக்கமாயிருந்தது. புகையிலை பசியை மந்தப்படுத்தும். அயர்வைச் சிறிது மறக்கச் செய்யும். அரை வயிற்றுக் கஞ்சியோடு பகலெல்லாம் வேலை வாங்க அது துணையாயிற்று. அவ்வாறு கொடுக்கப்பட்டதைப் பிற்காலத்தார் 'இவர்கள் பழக்கம்' என்று நம்மீதே குற்றமாகச் சுமத்தினர்.

கொடுத்த கையே தடுக்கவும் செய்தது. நிலக்கிழார் எதிரே வந்தால் தோளிலிருந்த துண்டு இடுப்பிற்கு இறங்க வேண்டும்; வாயிலிருந்த சுருட்டு மறைய வேண்டும். இக்கொடுமையைக் கண்ட இளைஞர் சிலர், நிமிர்ந்து நின்று தெருவிற் புகைப்பதையே விடுதலையின் அடையாளமாக எண்ணியதில் வியப்பில்லை.

மழை குறைந்த நம் கரிசற் காட்டில் உழவு கைகொடுக்காத நிலையில் தொழிற்சாலைகள் தோன்றின. 1923ஆம் ஆண்டளவில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். நாடெங்கும் பீடி பற்றவைத்த குச்சிகளுள் நம் வட்டாரத்தார் கைபட்டவை எண்ணிலடங்கா. பட்டாசு ஆலைகளிலோ புகைத்தலும் தீப்பெட்டி கொண்டு செல்லுதலும் சட்டத்தால் தடை செய்யப்பட்டவை. உயிர்காக்கும் அத்தடையைக் குறை கூற இயலாது. ஆயினும் பீடியை வாயிலில் விட்டுச் செல்பவர் மெல்லும் புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளலாம். மருந்து படிந்த விரலே அதை வாய்க்குக் கொண்டுபோகும். நெருப்பில்லாததால் அது தீங்கற்றது என்பாரும் உளர். வாய்ப்புற்றுநோய்க்கு நெருப்பு வேண்டுவதில்லை.

2016-17ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பின்படி, வயதுவந்த இந்தியருள் நூற்றுக்கு 10.7 பேர் புகைப்போர். புகையின்றி மெல்லுதல் முதலிய வகைகளில் பயன்படுத்துவோர் 21.4 பேர். வறுமையும் கல்லாமையும் மிக்க இடங்களிலேயே இப்பழக்கமும் மிகுந்துள்ளது.

2003ஆம் ஆண்டுச் சட்டம் பதினெட்டு வயது நிரம்பாதோர்க்குப் புகையிலை விற்பதையும், கல்வி நிலையங்களைச் சுற்றி 100 கெஜத்திற்குள் விற்பதையும் தடுக்கிறது. 2013ஆம் ஆண்டு தமிழக அரசு குட்காவிற்குத் தடை விதித்தது. எனினும் பாட்டியின் சுருக்குப்பைக்குப் புகையிலை வாங்கக் காசு கொடுத்துப் பேரனை அனுப்பும் வழக்கத்தை வீட்டார்தாம் நிறுத்த வேண்டும். பல்வலிக்கு மருந்து என்று சொல்லி அதனைச் சிறுவர் கையில் கொடுப்போரும் சிந்திக்க வேண்டும்.

ஒருவர் இதற்கென நாளொன்றுக்கு 20 ரூபாய் செலவிட்டால் ஆண்டிற்கு 7,300 ரூபாய் ஆகிறது. இக்கல்விக் கழகத்தின் வயதாகிய 25 ஆண்டுகளில் அத்தொகை 1,82,500 ரூபாய். தாயில்பட்டியில் நாட்கூலி பெறும் ஒரு குடும்பத்திற்கு இது பெண்பிள்ளை ஒருத்தியைக் கல்லூரிக்கு அனுப்பப் பெரிதும் உதவும் பணமன்றோ?

அடிமை வேலைகளையும் இழிந்த வழக்கங்களையும் 'இனிச் செய்யோம்' என மறுத்தே நம் சமுதாயம் நிமிர்ந்தது. துண்டு தோளுக்கு ஏறியது. பிள்ளைகள் பள்ளிக்கு வந்தனர். கூலியோடு நம்மிடம் வந்து சேர்ந்த இவ்விலையையும் அம்மறுப்புகளின் வரிசையில் சேர்ப்போமாக. பிறர் கட்டளைக்காக அன்று மறைத்த சுருட்டை, நம் பிள்ளைகளின் படிப்பிற்காக இன்று நாமே விட்டொழிப்பதுதான் தன்மானம்.