கழிவுநீர் மறுபயன்பாடும் மக்கள் நம்பிக்கையும்: விண்ட்ஹோக் நகரை முன்வைத்து

மழை பொய்த்த ஆண்டில் ஏரியும் ஆறும் வற்றும். நகரத்தின் கழிவுநீர் குறையுமே தவிர நிற்பதில்லை. பஞ்ச காலத்திலும் கைகொடுக்கும் இந்த நீராதாரத்தை உலகம் இன்னும் பெருமளவு வீணாக்குகிறது. ஐ.நா.வின் 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, வீடுகளிலிருந்து வெளியேறும் கழிவுநீரில் சுமார் 42 விழுக்காடு முறையாகச் சுத்திகரிக்கப்படுவதில்லை. இயந்திரங்கள் கிடைக்காததே இதற்குக் காரணம் என்பது பொதுவான கருத்து. ஆனால் சாக்கடையில் எது கலக்கிறது என்பதன் மீதான கட்டுப்பாடும் படிப்படியாக ஈட்டிய மக்கள் நம்பிக்கையுமே மறுபயன்பாட்டின் வெற்றியைத் தீர்மானிக்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

நமீபியாவின் தலைநகர் விண்ட்ஹோக்கில் ஆண்டு மழை 400 மி.மீ.க்கும் குறைவு. வற்றாத ஆறுகள் அந்நாட்டின் வடக்கு, தெற்கு எல்லைகளில் மட்டுமே ஓடுகின்றன. 1968இல் இந்நகரம் கோரெங்காப் நிலையத்தில் கழிவுநீரைச் சுத்திகரித்து நேரடியாகக் குடிநீர்க் குழாயில் சேர்த்தது. உலகில் இதுவே முதல் முயற்சி. 2002இல் அமைந்த புதிய நிலையம் நாளொன்றுக்கு 2.1 கோடி லிட்டர் நீர் தரவல்லது. நகரின் குடிநீரில் ஏறத்தாழக் கால் பங்கு இங்கிருந்து வருகிறது.

இங்கு முதல் அரண் நிலையத்துக்கு வெளியிலேயே அமைந்துள்ளது. தொழிற்சாலைக் கழிவு தனிக் குழாயில் வேறு நிலையத்துக்குப் போகிறது. வீட்டுக் கழிவுநீர் மட்டுமே குடிநீருக்கு மூலம். அதன்பின் ஓசோன், மணல் வடிகட்டி, கரி, நுண்சவ்வு, குளோரின் என்று அடுத்தடுத்த தடுப்புகள். ஒன்று தவறினாலும் மற்றது காக்கும். எதிர்ச் சவ்வூடு பரவல் (RO) முறை இங்கு இல்லை. அம்முறை ஒதுக்கும் உவர்கழிவைக் கொட்டக் கடலோர நகரங்களுக்கு வழியுண்டு. உள்நாட்டு நகருக்கு அது பெருஞ்சுமை. சுத்திகரித்த நீரை அணைநீரோடும் கிணற்று நீரோடும் கலந்தே வழங்குகிறார்கள்.

மக்கள் நம்பிக்கை பற்றிய வாதத்துக்கு ஒரு மறுப்பு எழக்கூடும்: 1968இல் தென்னாப்பிரிக்க ஆட்சியின் கீழிருந்த மக்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லையே! உண்மைதான். ஆனால் 1990இல் விடுதலை பெற்ற நாடு அந்நீரைக் கைவிடவில்லை. பெரிய நிலையமாகவே விரிவுபடுத்தியது. பல்லாண்டுப் பயன்பாடு தந்த சான்று அதற்குத் துணைநின்றது. மாறாக, ஆஸ்திரேலியாவின் டுவூம்பா நகரில் 2006இல், கடும் வறட்சிக்கு நடுவிலும், சுமார் 62 விழுக்காட்டினர் இத்தகைய திட்டத்துக்கு எதிராக வாக்களித்தனர். அங்கே கண்ணால் கண்ட பயன் எதுவும் இல்லாத நிலையிலேயே மக்களிடம் முடிவு கேட்கப்பட்டது.

இந்த ஒப்பீடு சென்னைக்கும் பொருந்தும். மணலியின் எண்ணெய், உர ஆலைகள் 1990களின் தொடக்கம் முதலே கழிவுநீரைத் தூய்மையாக்கிப் பயன்படுத்தி வருகின்றன. 2019இல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தொழிற்சாலைகளுக்கென நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் தரும் நிலையங்கள் வந்தன. ஆலைகள் விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு லிட்டர் நன்னீரும் வீடுகளுக்கு மிச்சம். அதோடு, மக்கள் பார்த்துத் தெளியவும் இது காலம் தருகிறது. குடிநீராக்கும் அடுத்த கட்டத்தைப் பற்றிப் பேசுமுன் இரண்டு கடமைகள் உள்ளன. ஆலைக் கழிவு வீட்டுச் சாக்கடையில் கலப்பதை அடியோடு தடுக்க வேண்டும். நீரின் பரிசோதனை முடிவுகளை எவரும் படித்தறியும் வகையில் தமிழில் தொடர்ந்து வெளியிட வேண்டும். இவ்விரண்டையும் தள்ளிப்போட்டுவிட்டு எழுப்பும் நிலையம் எவ்வளவு நவீனமானதாயினும், அதன் நீரை மக்கள் ஏற்க மாட்டார்கள்.