தீட்சிதர் குடும்பத்தின் ஊர்மாற்றங்கள்

நம் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தருமாறு நண்பர்கள் பணித்தபோது, பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்ட எனக்கு அத்தகுதி உண்டா எனத் தயங்கினேன். பிறருடைய மாறுதல் உத்தரவுகளைப் பதிவேட்டில் ஏற்றுவதே என் உத்தியோகம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை என் பெயரையும் அதே பதிவேட்டில் நானே ஏற்ற நேர்கிறது. ஆகவே ஊர் மாறுதல் என்னும் பொருளைப் பற்றியேனும் எனக்குச் சிறிது தெரியும் என்று துணிந்து எழுதலானேன்.

நம் காலனித் தாய்மார்கள் கூடுமிடத்தில் அடிக்கடி எழும் குறை ஒன்றுண்டு. பிள்ளைகள் பாட்டோ வீணையோ தொடங்கிச் சில கீர்த்தனங்களைக் கற்பதற்குள் மாறுதல் வந்துவிடுகிறது. புதிய ஊரில் புதிய ஆசிரியர், மீண்டும் சரளி வரிசை. என் இளைய மகளுக்கும் இதுவே நேர்ந்தது. மூன்று ஊர், மூன்று ஆசிரியர். இங்கு வந்தபின் அவள் வீணை துணியில் சுற்றப்பட்டுப் பரண்மேல் ஏறிற்று. ஓரிடத்தில் வேரூன்றாதவருக்குச் சங்கீதம் வாராது என்று நானும் மனத்தைத் தேற்றிக்கொண்டேன். அவ்வெண்ணம் சரிதானா என்று வரலாற்றைப் புரட்டியபோது, நாம் நாள்தோறும் போய்வரும் இந்த ரயில் பாதையை ஒட்டியே அதற்கு விடை கிடந்தது.

கர்நாடக இசையின் மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதரை அறியாதார் இலர். அவருடைய தந்தை இராமசுவாமி தீட்சிதர் (1735-1817). இவர்களுடைய முன்னோரின் ஊர், சித்தூருக்குத் தெற்கே பாலாற்றங்கரையில் உள்ள விரிஞ்சிபுரம். இன்றைய சித்தூர் மாவட்டம் 1911ஆம் ஆண்டில்தான் அமைந்தது. அதற்குமுன் சித்தூரும் விரிஞ்சிபுரமும் வட ஆர்க்காடு என்னும் ஒரே மாவட்டத்தைச் சேர்ந்தவை. அக்காலத்து அரசியற் குழப்பங்களால் அக்குடும்பம் விரிஞ்சிபுரத்தை விட்டுத் தஞ்சைச் சீமையிலுள்ள கோவிந்தபுரத்திற் குடியேறிற்று. அங்கே இராமசுவாமி, வீரபத்ரய்யாவிடமும், வேங்கடமகியின் மரபில் வந்த வேங்கட வைத்தியநாத தீட்சிதரிடமும் இசை கற்றார். பின்னர் திருவாரூர் அவர் இருப்பிடமாயிற்று. நெடுநாள் மகப்பேறின்றி இருந்து, வைத்தீசுவரன் கோயில் முத்துக்குமரனை வேண்டிப் பெற்ற பிள்ளைக்கு முத்துசுவாமி என்று பெயரிட்டார். ஆண்டு 1775. அதன்பின் சின்னசுவாமியும், பாலாம்பாள் என்னும் பெண்ணும், 1786இல் பாலசுவாமியும் பிறந்தனர்.

நான்கு மக்களுடைய ஒரு வித்துவான் எங்ஙனம் வாழ்ந்தார்? மாதச் சம்பளம் இல்லை. ஆதரிப்பவர் இருக்குமிடமே ஊர். சென்னைக்கு வடக்கேயுள்ள மணலியின் செல்வரான முத்துக்கிருஷ்ண முதலியார் அழைக்கவே, குடும்பம் திருவாரூரை விட்டு மணலிக்குப் பெயர்ந்தது. தென்னாட்டின் முதல் ரயில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ஓடியது 1856ஆம் ஆண்டில்தான். அதற்கு அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன்னர், பெண்டு பிள்ளைகளோடும் வீணையோடும் சுவடிகளோடும் அவ்வளவு தூரம் செல்வதென்றால் எத்துணைத் துன்பம் என்பதைப் பாஸ் வாங்கிப் பயணம் செய்யும் நாம் எண்ணிப் பார்த்தல் தகும்.

நம் திருப்பதிக்கு அக்குடும்பம் வந்தது ஒரு பெருந்துயரோடு. இரண்டாம் பிள்ளை சின்னசுவாமிக்குக் கண்பார்வை போய்விட்டது. தந்தை அவனை அழைத்துக்கொண்டு திருப்பதிக்கு வந்து, ஒரு மண்டலம் தங்கி, வேங்கடவன்மீது நாற்பத்தெட்டு இராகங்களில் ஓர் இராகமாலிகை இயற்றிப் பாடினார் என்றும், பிள்ளைக்குப் பார்வை மீண்டது என்றும் அக்குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லி வந்தனர். நம்புவதும் நம்பாததும் அவரவர் உள்ளத்தைப் பொறுத்தது. எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. பிள்ளையின் நோயும் தந்தையின் தொழிலும் அங்கே இரு வேறு கவலைகளாக நிற்கவில்லை. பிள்ளைக்காகச் செய்த வேண்டுதலே பாட்டாயிற்று.

மணலி வாழ்வும் வீண்போகவில்லை. முத்துக்கிருஷ்ண முதலியாரின் மகன் வேங்கடகிருஷ்ண முதலியார் இவர்களைச் சென்னைக் கோட்டைக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியத்தைக் கேட்ட சிறுவன் பாலசுவாமிக்கு வயலின்மீது ஆசை பிறந்தது. முதலியார் ஆசிரியரை அமர்த்திக் கற்பித்தார். அவ்வன்னிய வாத்தியம் நம் கச்சேரி மேடையில் ஏறியதற்கு வழிகோலியவர்களுள் பாலசுவாமியை முன்வைத்துக் கூறுவர். முத்துசுவாமியோ அதே மேனாட்டு மெட்டுக்களிற் சிலவற்றிற்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்தார். அவையே இன்று சிறுவர் பாடும் நோட்டு சுவரங்கள். திருவாரூரிலேயே இருந்திருப்பின் இவ்விரண்டும் நிகழ்ந்திருக்குமா என்பது ஐயமே.

மணலிக்கு வந்த சிதம்பரநாத யோகி என்பார், முத்துசுவாமியைத் தம்மோடு காசிக்கு அனுப்புமாறு கேட்டார். பெற்றோர் மனம் ஒப்பாமலே விடை கொடுத்தனர் என்பர். அங்கிருந்த சில ஆண்டுகளில் அவர் செவியில் ஏறிய வடநாட்டு இசையே பின்னர் யமுனா கல்யாணி, துவிஜாவந்தி முதலிய இராகங்களில் அவர் செய்த கீர்த்தனங்களாக மலர்ந்தது. யோகியார் மறைந்தபின் தென்னாடு திரும்பியவர் திருத்தணிகை மலையேறினார். 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி சென்னை மாகாணத்தோடு இணைக்கப்படும் வரையில் திருத்தணி நம் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. முருகனே முதியவராக வந்து வாயில் கற்கண்டு இட்டான் என்பது மரபு. மாயாமாளவகௌளையில் அவருடைய முதற் கீர்த்தனம் பிறந்ததும், ‘குருகுக’ என்னும் முத்திரை தோன்றியதும் அங்கேதான். ரேணிகுண்டாவிலிருந்து அரக்கோணம் செல்லும்போது சன்னல் வழியே தெரியும் அக்குன்றை இனியேனும் நம் பிள்ளைகளுக்குச் சுட்டிக் காட்டுவோமாக.

இவ்வளவும் சொன்னதனால் ஊர்மாற்றம் இன்பமயமானது என்று கூற நான் வரவில்லை. அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. 1817இல் தந்தை மறைந்தபின் சகோதரர் பிரிந்தனர். தம்பியர் இருவரும் மதுரைக்குச் சென்றனர். அங்கே சின்னசுவாமி காலமானார். துயரத்தோடு அலைந்த பாலசுவாமிக்கு எட்டயபுரம் அரண்மனை அடைக்கலம் தந்தது. தம்பியைத் தேடி முத்துசுவாமி எட்டயபுரம் சென்றார். 1835ஆம் ஆண்டு தீபாவளியன்று அங்கேயே உயிர் நீத்தார். இன்னும் ஒன்று. ஊருக்கு ஊர் அடுப்பு மூட்டி, நான்கு குழந்தைகளையும் ஆளாக்கிய அன்னை சுப்பம்மாளைப் பற்றி வரலாறு ஏறக்குறைய ஒன்றும் சொல்லவில்லை. நம் காலனித் தாய்மார்கள் இதைக் கேட்டு வியப்படையமாட்டார்கள்.

அங்ஙனமாயின், இத்தனை பெயர்ச்சியிலும் அக்குடும்பத்தின் வித்தை அழியாதது எவ்வாறு? ஊர் மாறியது, ஆதரிப்பவர் மாறினர், வீட்டுக்குள் நடந்த பாடம் மாறவில்லை. தந்தையே முதல் ஆசிரியர். ஒருவர் கற்றதை மற்றவர் கேட்டு வளர்ந்தனர். பாலசுவாமியின் மகள்வயிற்றுப் பேரனும் சுவீகார புத்திரருமான சுப்பராம தீட்சிதர், அவ்வீட்டுச் சொத்தையெல்லாம் திரட்டி 1904ஆம் ஆண்டு எட்டயபுரத்தில் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்னும் பெருநூலாக வெளியிட்டார். தமிழ்நாட்டில் அச்சான அந்நூல் தெலுங்கு எழுத்தில் அமைந்தது என்பது, ஆந்திர நாட்டில் வாழும் தமிழராகிய நமக்கு எவ்வளவு பொருத்தமான செய்தி!

இதைப் படித்த வாரத்திலேயே பரணிலிருந்து வீணையை இறக்கினேன். இரண்டு தந்திகள் அறுந்திருந்தன. அடுத்த வீட்டுத் தெலுங்கு அம்மையார் தாம் சிறுவயதில் கற்றதை என் மகளுக்குச் சொல்லித் தர முன்வந்திருக்கிறார்கள். அவள் தீட்சிதர் ஆகிவிடுவாள் என்று யான் எண்ணவில்லை. அடுத்த உத்தரவு எப்போது வரும் என்பதும் தெரியாது. வரும்போது, பாத்திரம் பண்டங்களைக் கட்டுவதற்கு முந்திய நாள் மாலையிலும் அவள் வாசிக்க வேண்டும். புதிய ஊரில் அவற்றைப் பிரிப்பதற்கு முன்னரும் வாசிக்க வேண்டும். அவ்வளவே வீட்டில் நாங்கள் செய்துகொண்டிருக்கும் ஏற்பாடு. நம் காலனியிலுள்ள ஏனைய பரண்களையும் அன்பர்கள் ஒருமுறை பார்க்குமாறு வேண்டி இக்கட்டுரையை முடிக்கின்றேன்.