நிபுணரும் நாட்கணக்கும்: வெளிநாட்டு ஆலோசகர் மீதான வீசா, வருமானவரி விதிகளின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

நாடு விட்டு நாடு சென்று உழைப்போருள் கூலித் தொழிலாளரின் வரலாறு பலரால் ஆராயப்பட்டுள்ளது. ஆனால், பொறியியலாளர், கணக்காய்வாளர், பொருளியல் ஆலோசகர் முதலிய நிபுணர்கள் குறுகிய காலத்துக்குப் பிறநாட்டிற் பணியாற்றுவதைக் கட்டுப்படுத்தும் விதிகளின் வரலாறு அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. இவ்வாறு செல்லும் நிபுணரை இரு அலுவலகங்கள் எதிர்கொள்கின்றன. எத்தனை நாள் தங்கலாம் என்பதைக் குடிவரவு அலுவலகம் தீர்மானிக்கின்றது. எத்தனை நாள் தங்கினார், ஊதியத்தை யார் கொடுத்தார் என்பதை வருமானவரி அலுவலகம் வினவுகின்றது. சட்டநூல்களில் இவை வெவ்வேறு துறைகள். எனினும், வரலாற்று நோக்கில் இவை நாடுகளுக்கிடையிலான ஏற்றத்தாழ்வின் இரு முகங்களாகவே அமைந்துள்ளன என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

எல்லையில் மனிதரைத் தரம்பிரிக்கும் முறை ஐக்கிய அமெரிக்காவின் சட்டங்களிலே தெளிவாகப் புலப்படுகின்றது. 1882ஆம் ஆண்டுச் சட்டம் சீனத் தொழிலாளரின் வருகையைத் தடுத்தது. வணிகரும் ஆசிரியரும் மாணவரும் அத்தடையினுள் அடங்கவில்லை. 1885இல் நிறைவேறிய ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், முன்கூட்டியே ஒப்பந்தஞ் செய்து வெளிநாட்டாரை வேலைக்கு அழைத்துவருவதைக் குற்றமாக்கியது. நடிகர், கலைஞர், விரிவுரையாளர், பாடகர் ஆகியோருக்கு அதிலே விலக்களிக்கப்பட்டிருந்தது.

இச்சட்டத்தின் கீழ் எழுந்த வழக்கொன்று நோக்கத்தக்கது. நியூயோர்க் நகரத் தேவாலயமொன்று இங்கிலாந்திலிருந்து மதகுரு ஒருவரை ஒப்பந்த அடிப்படையில் அழைத்திருந்தது. விலக்குப் பெற்றோர் பட்டியலில் மதகுருமார் இடம்பெறவில்லை. எனவே, சட்டத்தின் சொற்களின்படி அது குற்றமே. ஆயினும், அச்சட்டம் உடலுழைப்பாளரைக் கருதியதேயன்றி மூளையுழைப்பாளரைக் கருதியதன்று என 1892இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தில் எழுதப்படாத வர்க்க வேறுபாட்டை நீதிமன்றம் சட்டத்தின் உள்ளக்கருத்தாகக் கண்டது.

முதல் உலகப் போரின்போது ஐரோப்பாவிற் பரவலான கடவுச்சீட்டும் வீசாவும் போர் முடிந்த பின்னரும் நீங்கவில்லை. சர்வதேச சங்கம் 1920இல் பாரிசிற் கூட்டிய மாநாடு கடவுச்சீட்டின் வடிவத்தை ஒழுங்குபடுத்தியது. 1952ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிவரவுச் சட்டம், சிறப்புத் திறமை வாய்ந்தோர் தற்காலிகமாகப் பணியாற்ற வருவதற்கென ‘எச்-1’ என்னும் தனிவகை வீசாவை ஏற்படுத்தியது. தேவையான அறிவைத் தேவையான காலத்துக்கு மட்டும் பெற்றுக்கொண்டு, அறிவாளியைத் திருப்பியனுப்பும் ஏற்பாடு இவ்வாறு சட்டவடிவம் பெற்றது.

2

வருமானவரியின் வரலாறு இதனோடு இணையாகச் செல்கின்றது. ஒருவர் ஒரு நாட்டில் வதிந்து மற்றொரு நாட்டில் வருமானம் ஈட்டினால், வரி எந்நாட்டுக்கு உரியது? முதல் உலகப் போருக்குப் பின் வரி வீதங்கள் உயர்ந்தபோது இவ்வினா கூர்மையடைந்தது. சர்வதேச சங்கத்தின் வேண்டுகோளின்படி ஒல்லாந்தின் புரூயின்ஸ், இத்தாலியின் ஐனோடி, அமெரிக்காவின் செலிக்மன், பிரித்தானியாவின் ஸ்டாம்ப் ஆகிய நான்கு பொருளியலாளர் 1923இல் அறிக்கை சமர்ப்பித்தனர். நால்வரும் மூலதனத்தை ஏற்றுமதி செய்த அல்லது முன்னேறிய கைத்தொழில் வளம் பெற்றிருந்த நாடுகளைச் சேர்ந்தோர். குடியேற்றநாடுகளின் குரல் அங்கு ஒலிக்கவில்லை.

இதற்கு மாறான குரல் 1943இல் மெக்சிக்கோவிலே கேட்டது. போர்ச் சூழலில் ஐரோப்பிய நாடுகள் பல பங்குபற்றாத நிலையில், இலத்தீன் அமெரிக்க நாடுகளின் செல்வாக்கு மிகுந்திருந்த கூட்டம், வருமானம் தோன்றும் நாட்டுக்கே கூடிய வரியுரிமை வழங்கும் மாதிரி ஒப்பந்தமொன்றை வரைந்தது. ஆனால், 1946இல் இலண்டனிற் கூடியோர் அத்தராசை மீண்டும் வதிவு நாட்டின் பக்கம் சாய்த்தனர்.

பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான அமைப்பின் 1963ஆம் ஆண்டு வரைவு இலண்டன் போக்கினையே பின்பற்றியது. அதன்படி, தொழில் வழங்குநர் வெளிநாட்டவராகவும், ஊதியச் செலவு உள்நாட்டிலுள்ள நிரந்தரத் தாபனத்தின் மீது சுமத்தப்படாததாகவும் இருப்பின், ஆண்டில் 183 நாட்களுக்கு மேற்படாது தங்கும் ஊழியரிடம் பணிநடைபெறும் நாடு வரி அறவிட இயலாது. சுயமாகத் தொழில் புரியும் ஆலோசகரிடம் வரி அறவிட, அவருக்கு அந்நாட்டில் ஒரு ‘நிலைத்த தளம்’ இருத்தல் வேண்டும். விடுதி அறையிலே தங்கி அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்பவருக்கு அத்தகைய தளம் எளிதில் ஏற்படுவதில்லை.

இவ்விதிகள் இருநாடுகளுக்கும் சமமாகவே பொருந்துவன. ஆனால், நிபுணர் ஒரு திசையிலிருந்தே வருகையில், கட்டணம் எதிர்த்திசையிலேயே செல்கையில், சட்டத்தின் சமத்துவம் பொருளாதார ஏற்றத்தாழ்வை மறைக்கும் திரையாகி விடுகின்றது.

3

தென்னாசியாவின் அனுபவம் இதனைத் தெளிவாக்கும். 1950 சனவரியிலே கொழும்பிற் கூடிய பொதுநலவாய வெளிவிவகார அமைச்சர்களின் மாநாட்டிலிருந்து கொழும்புத் திட்டம் உருவாயிற்று. தொழினுட்ப நிபுணரை அனுப்புதல் அதன் முக்கிய கூறுகளுள் ஒன்று. வரித்துறையும் இதற்கு விலக்கன்று. கேம்பிறிட்ஜ் பொருளியலாளர் நிக்கலஸ் கால்டோர் 1956இல் இந்தியாவுக்கும், பின்னர் இலங்கைக்கும் வரிச் சீர்திருத்த ஆலோசனை வழங்கினார். அவர் பரிந்துரைத்த செலவின வரி இந்தியாவில் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தினாலும் இலங்கையில் 1959இலும் கொண்டுவரப்பட்டது. இரு நாடுகளிலும் அது வேரூன்றவில்லை. வரி விதிக்கும் கலையையே வருகைதரும் நிபுணரிடம் பெறவேண்டிய நிலையில் புதிய அரசுகள் இருந்தன.

1976இல் இந்தியா வேறுவழியை நாடியது. தொழினுட்ப, ஆலோசனைச் சேவைகளுக்கு இந்தியாவிலிருந்து செலுத்தப்படும் கட்டணம் இந்தியாவிலே எழும் வருமானமாகக் கருதப்படும் என அவ்வாண்டின் நிதிச்சட்டம் விதித்தது. நிபுணரின் உடல் எங்கிருந்தது என்பதன்று, பணம் எங்கிருந்து சென்றது என்பதே இதன் அளவுகோல். சேவை இந்தியாவிலேயே ஆற்றப்பட்டிருத்தலும் வேண்டும் என 2007இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, நாடாளுமன்றம் 2010ஆம் ஆண்டு நிதிச்சட்டத்தினால் 1976 முதலே செல்லுபடியாகுமாறு அத்தீர்ப்பின் விளைவை நீக்கியது.

ஐக்கிய நாடுகளின் மாதிரி ஒப்பந்தமும் மெதுவாக இத்திசையில் நகர்ந்தது. 1980ஆம் ஆண்டு மாதிரி, ஆலோசனைச் சேவை ஆறு மாதத்துக்கு மேல் நீடிப்பின் அதனையே நிரந்தரத் தாபனமாகக் கருதியது. நாட்கணக்கின்றியே தொழினுட்பச் சேவைக் கட்டணத்தின் மீது வரி அறவிட வழிசெய்யும் 12அ என்ற உறுப்புரை 2017ஆம் ஆண்டு மாதிரியிலே சேர்க்கப்பட்டது.

இதற்கு ஓர் எதிர்வாதமுண்டு. வலிமையுள்ள ஆலோசனை நிறுவனம் அவ்வரியையும் தன் கட்டணத்துடன் சேர்த்துக் கேட்கும். ஈற்றில் வறிய நாடே தனக்குரிய வரியைத் தானே செலுத்த நேரும். இவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. பேரம்பேசும் வலிமையைச் சட்டம் மட்டும் அளித்துவிட முடியாது.

4

நிபுணரின் ஓட்டம் திசைமாறியபோதும் ஏற்றத்தாழ்வு மறையவில்லை. 1990ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ‘எச்-1பி’ என்னும் பிரிவை வகுத்து, ஆண்டுக்கு 65,000 என உச்சவரம்பும் விதித்தது. பின்னாளில் இந்தியக் கணினித் துறையினர் பெருந்தொகையாகச் சென்றது இவ்வழியாகவே. இவ்வீசாவில் தங்கக்கூடிய காலம் பொதுவாக ஆறு ஆண்டுகள். இவர்களின் சம்பளத்திலிருந்து சமூகப் பாதுகாப்பு வரியும் கழிக்கப்படுகின்றது. ஆனால், முதுமைக்கால ஓய்வூதியத்துக்கு உரித்துப் பெறப் பொதுவாகப் பத்தாண்டுக் காலப் பங்களிப்பு வேண்டும். நாடுகள் பல தமக்கிடையே உடன்படிக்கை செய்து இவ்விடரை நீக்கியுள்ளன. இந்தியாவோ அமெரிக்காவுடன் இத்தகைய உடன்படிக்கையை நெடுங்காலமாகக் கோரிவந்துள்ளது. ஆறாண்டில் வெளியேறுக என ஓர் அலுவலகமும், பத்தாண்டு உழைத்தாற் பயன்பெறுக என மற்றோர் அலுவலகமும் கூறுகையில், இடைப்பட்ட பணம் தங்கவைத்த நாட்டினிடமே தங்கிவிடுகின்றது.

முடிவாக நோக்குமிடத்து, நிபுணர் வளமிக்க நாட்டிலிருந்து வறிய நாட்டுக்குச் சென்றபோது நாட்கணக்கு அவரை வரியிலிருந்து காத்தது. வறிய நாட்டிலிருந்து வளமிக்க நாட்டுக்குச் சென்றபோது அதே நாட்கணக்கு அவர் செலுத்தியதன் பயனை மறுத்தது. நாட்களை எண்ணுவது நடுநிலையான செயலாகத் தோன்றலாம். எத்தனை நாள் என்பதையும், எதற்காக எண்ணுவது என்பதையும் தீர்மானித்தவர் யாவர் என்பதே வரலாற்று மாணவன் எழுப்ப வேண்டிய வினாவாகும். குடிவரவுச் சட்டத்தையும் வரிச் சட்டத்தையும் ஒருங்கே வைத்து ஆராயும்போதுதான் அவ்வினாவுக்கு விடை காணல் இயலும்.