அழியாத கோலங்கள்: மூன்று பருவங்களில் ஒரு படம்

விடலைப் பருவத்தை நேர்மையாகப் பதிவு செய்த தமிழ்ப் படங்களுள் முன்வரிசையில் வைக்கத்தக்கது பாலு மகேந்திராவின் ‘அழியாத கோலங்கள்’. 1979 டிசம்பரில் வெளிவந்தது. 1977இல் கன்னடத்தில் ‘கோகிலா’வை இயக்கிய அவருக்கு, தமிழில் இதுவே முதற்படம். ஒளிப்பதிவும் அவருடையதே. ‘செம்மீன்’ புகழ் சலீல் சௌத்ரி இசையமைத்தார்.

பாலு மகேந்திரா 1939இல் இலங்கையின் மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்தவர். ‘சம்மர் ஆஃப் 42’ என்னும் 1971ஆம் ஆண்டு அமெரிக்கப் படத்தின் சாயல் இதில் இருப்பினும், தம் சொந்த இளமை நினைவுகளையும் அவர் இதில் கலந்திருக்கிறார்.

கதை எளிமையானது. நடுவயதை நெருங்கும் கௌரிசங்கருக்குப் பழைய நண்பன் பட்டாபியிடமிருந்து கடிதம் வருகிறது. தங்களுக்குப் பாடம் நடத்திய இந்து டீச்சர் இறந்துவிட்டார் என்பது செய்தி. அங்கிருந்து படம் ஆற்றங்கரைக் கிராமத்திற்குச் செல்கிறது. கௌரிசங்கர், பட்டாபி, ரகுபதி ஆகிய மூன்று சிறுவர்கள். புதிதாக வந்து சேரும் ஓர் ஆசிரியை. இறுதியில் ரகுபதி ஆற்றில் மூழ்கி இறந்துபோகிறான்.

நான்காம் படிவத்தில் பயின்றபோது இப்படத்தை ஒளிநாடாவில் பார்த்தேன். அந்த வயதில் நான் நான்காவது தோழனாக அச்சிறுவர்களோடு சுற்றித் திரிந்தேன். ஆறு எனக்கு விளையாட்டுக் களமாகவே தெரிந்தது.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்த காலத்தில் மீண்டும் பார்த்தேன். அப்போது கண்கள் இந்து டீச்சரையே பின்தொடர்ந்தன. தம்மை எத்தனை விழிகள் கவனிக்கின்றன, தம் ஒரு சொல் எந்தப் பிள்ளையின் மனத்தில் எவ்வளவு காலம் தங்கும் என்பதை எந்த ஆசிரியரும் அறிய முடியாது. பயிற்சிக் கல்லூரியின் பாடநூல்கள் சொல்லாத செய்தி அது.

அண்மையில் மூன்றாம் முறை பார்த்தேன். இம்முறை கடிதத்தைக் கையில் வைத்திருக்கும் கௌரிசங்கரே என் மனத்தில் நின்றார். சிறு வேடத்தில் வரும் கமல்ஹாசன் அவர். படம் வெளியானபோது இயக்குநருக்கும் 40 வயது! நாற்பதில் நின்று பின்னோக்குபவனின் படம் இது என்பது அந்த வயதை எட்டியவருக்கே முழுமையாகப் புலப்படும். ஆறும் இப்போது வேறாகத் தெரிகிறது. பள்ளி விடுமுறைக்கு முன்னர் ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களிடம் ஆற்றுப் பக்கம் தனியே போகாதீர்கள் என்று சொல்லி அனுப்பும் எனக்கு, அக்காட்சியை அமைதியாகப் பார்க்க இயலவில்லை.

வரலாறு இப்படத்தின்மேல் இன்னொரு நிழலையும் படரவிட்டது. இந்து டீச்சராக நடித்த ஷோபாவுக்குப் படம் வெளியானபோது வயது 17 மட்டுமே. ஐந்து மாதங்கள் நிறைவதற்குள், 1980 மே 1ஆம் நாள், அவர் மறைந்தார். அதே காலகட்டத்தில் ‘பசி’ படத்திற்காகத் தேசிய விருதும் பெற்றவர். விடலையில் எனக்கு மூத்தவராகத் தோன்றிய அந்த ஆசிரியை, இன்று என்னிடம் படித்துச் சென்ற மாணவியின் வயதினராகத் தெரிகிறார். அவர் இறந்த செய்தியோடு தொடங்கும் கதை, அதனால் கற்பனையாக மட்டும் நின்றுவிடவில்லை.

2014இல் பாலு மகேந்திராவும் மறைந்தார். அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த அவரது கடைசிப் படமான ‘தலைமுறைகள்’, ஒரு தாத்தாவையும் பேரனையும் பற்றியது. முதற்படத்தில் சிறுவர்களின் கண்களால் உலகைக் காட்டியவர், இறுதியில் தாமே தாத்தாவாக நடித்து விடைபெற்றார்.

ஆசிரிய நண்பர்களே, வாய்ப்புக் கிடைத்தால் இப்படத்தை மீண்டும் ஒருமுறை பாருங்கள். என்றோ ஒருநாள் நம் பெயரைத் தாங்கிய கடிதமும் யாரோ ஒரு பழைய மாணவனின் கைக்குப் போகும். அப்போது அவன் நினைவில் எழப்போகும் முகத்தைத்தான் நாளைக் காலை நாம் வகுப்பறைக்குக் கொண்டுசெல்கிறோம்.