விபத்துப் போர்வையில் வீட்டுக்கொலை: தடய ஆய்வின் வரலாறு

வீட்டுக்குள் செய்த கொலையைத் தீ விபத்து, வழுக்கி விழுந்தது, நீரில் மூழ்கியது, பாம்பு கடித்தது என்று ஊரை நம்பவைப்பது பழைய தந்திரம். அதை உடைக்கும் கலையும் பழையதே. சீனாவில் 1247இல் சோங் சி தொகுத்த பிணப் பரிசோதனை நூல், உயிரோடு எரிந்தவரின் வாயில் சாம்பல் இருக்கும், இறந்தபின் எரிக்கப்பட்டவரின் வாயில் இராது என்கிறது. இன்றைய மருத்துவரும் மூச்சுக்குழாயில் கரி படிந்திருக்கிறதா என்று பார்க்கிறார். இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடையும் தேடுகிறார்.

இந்தியாவில் முதல் வேதிப் பரிசோதனைக்கூடம் சென்னையில் 1849இல் தொடங்கியதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. விஷச் சாவுகளை ஆராய்வதே அதன் முதன்மையான வேலையாக இருந்தது.

1915இல் இங்கிலாந்தில், மூன்று மனைவியர் குளியல் தொட்டியில் இறந்த வழக்கில் ஜார்ஜ் ஜோசப் ஸ்மித் தூக்கிலிடப்பட்டான். கால்களைச் சட்டென்று இழுத்தால் மரணம் நேரும் என்ற தடய மருத்துவர் பெர்னார்ட் ஸ்பில்ஸ்பரியின் விளக்கத்தைப் பின்வந்த நிபுணர்களில் சிலர் முழுதாக ஏற்கவில்லை.

'ஸ்டவ் வெடித்தது' என்று மருமகள்களின் சாவுகள் முடித்துவைக்கப்பட்ட காலத்துக்கு மறுமொழியாக, 1983இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு திருத்தப்பட்டது. திருமணமாகி ஏழாண்டுக்குள் பெண் சந்தேகத்துக்குரிய முறையில் இறந்தால் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பியாக வேண்டும். தமிழ்நாட்டில் இத்தகைய சாவுகளை வருவாய்க் கோட்டாட்சியர் விசாரிக்கும் 'ஆர்.டி.ஓ. விசாரணை' என்ற சொல் வீடுவீடாகப் பழகியது இப்படித்தான்.

இந்தியப் பதிவுகளில் விரிவான ஒன்று கேரளத்தின் உத்ரா வழக்கு. கொல்லம் மாவட்டம் அஞ்சலில் 2020 மே 7 காலை, 25 வயதுப் பெண் பெற்றோர் வீட்டில் இறந்துகிடந்தார். அதே ஆண்டு மார்ச்சில் கண்ணாடி விரியன் கடித்து, வாரக்கணக்கில் சிகிச்சை பெற்றுத் தேறியவர் அவர். இம்முறை நல்ல பாம்பு. குளிர்சாதன அறைக்குள் பாம்பு எப்படி வந்தது, ஒரே ஆளை இரண்டு பாம்புகள் தேடி வருமா என்று பெற்றோர் கேட்டார்கள். அவர்கள் கேட்காமல் விட்டிருந்தால் இந்த வழக்கே இல்லை.

புதைத்த பாம்பைத் தோண்டியெடுத்துப் பரிசோதித்தார்கள். அரிப்பாவிலுள்ள வனப் பயிற்சி நிலையத்தில் ஒரு பொம்மையைக் கட்டிலில் கிடத்தி, ஏறத்தாழ அதே நீளமுள்ள உயிருள்ள நல்ல பாம்பை அதன்மேல் போட்டார்கள். திரும்பத் திரும்பப் போட்டும் அது கடிக்கவில்லை. பொம்மையின் கையில் கோழி இறைச்சியைக் கட்டிச் சீண்டியபோது கடித்தது. பல்தடங்களுக்கு இடையே சுமார் 1.7 செ.மீ. தலையை அழுத்திப் பிடித்துக் கடிக்கவைத்தபோது இடைவெளி 2 செ.மீ.யைத் தாண்டியது. உத்ராவின் கையில் இருந்தவையோ 2.3, 2.8 செ.மீ. ஓர் அளவுகோல் பேசிய சாட்சியம் அது! கணவனுக்குப் பாம்பை விற்றவர் அப்ரூவரானார். 2021 அக்டோபர் 13 அன்று கணவனுக்குக் கொல்லம் நீதிமன்றம் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது.

கர்நாடகத்தில் 2025இல், பெங்களூரு மருத்துவர் ஒருவரின் இயற்கைக்கு மாறான மரணத்தில், உள்ளுறுப்பு மாதிரிகளில் புரோபஃபால் என்ற மயக்க மருந்து தென்பட்டதாகக் காவல்துறை கூறியது. மருத்துவரான கணவர் கைதானார். குற்றச்சாட்டை முடிவுசெய்ய வேண்டியது நீதிமன்றமே.

அதே மாநிலத்தின் மைசூரில் இத்தகைய மரணம் நேர்ந்தால் ஆய்வுக்கு அங்கேயே வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகம் உண்டு. மாநிலத்தின் தலைமை ஆய்வகம் பெங்களூரு மடிவாளாவில் இயங்குகிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176(3) பிரிவு, ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடய நிபுணர் சம்பவ இடத்துக்கே செல்ல வேண்டும் என்கிறது. இதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் தரப்பட்டுள்ளது.