குட்நைட் சொன்னது யார்?

'குட்நைட்' என்று ஒருவர் சொன்னால் அதில் என்ன சதி இருக்க முடியும்? இருக்கிறது என்று பாதி உலகம் நம்பியது.

2014 மார்ச் 8. நள்ளிரவு தாண்டி 12.42க்கு கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங்குக்குக் கிளம்பியது மலேசியா ஏர்லைன்ஸின் எம்.ஹெச். 370. போயிங் 777 ரக விமானம். உள்ளே 239 பேர். அதில் 5 பேர் இந்தியர்கள். 1.19க்கு விமானி அறையிலிருந்து கடைசியாக ஒரு குரல். 1.21க்கு ரேடார் திரையிலிருந்து விமானத்தின் அடையாளம் காணாமல் போச்சு.

விமானம் கிடைக்கவில்லை. ஆனால் தினமும் பேப்பர் வந்தாகணுமே?

முதலில் மாட்டியவர்கள் இரண்டு ஈரானியர்கள். திருட்டு பாஸ்போர்ட்டில் ஏறியிருந்தார்கள். அது உண்மைதான். உடனே 'தீவிரவாதிகளா?' என்று தலைப்பு வந்துவிட்டது. மூன்றே நாளில் இன்டர்போல், அவர்கள் தீவிரவாதிகளாகத் தெரியவில்லை என்றது. ஐரோப்பாவில் தஞ்சம் தேடிப் போனவர்களாம்.

தப்பு எங்கே? மழை பெய்தால் வாசல் நனையும். சரி. வாசல் நனைந்திருக்கிறது, ஆகவே மழை பெய்தது என்றால்? யாராவது தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருக்கலாமே, சார்!

அடுத்துதான் குட்நைட். விமானத்தில் 'ஏகார்ஸ்' என்று ஒரு சாதனம் உண்டு. எஞ்சின் எப்படி ஓடுகிறது என்பது மாதிரியான சமாசாரங்களை அரை மணிக்கொரு தரம் தானாகவே தரைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். அந்தக் கடைசிக் குரல் வருவதற்கு முன்பே இதை அணைத்துவிட்டார்கள் என்று மார்ச் 16 அன்று மலேசிய அமைச்சர் சொன்னார். பேசியது துணை விமானி என்றும் தகவல் வந்தது. வயது 27. போதாதா? கருவியை அணைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி குட்நைட் சொன்ன வில்லன் தயார்!

மறுநாளே விமான நிறுவனத்தின் தலைவர் கணக்கைப் பிரித்து வைத்தார். ஏகார்ஸின் கடைசித் தகவல் 1.07க்கு வந்தது. அடுத்தது 1.37க்கு வந்திருக்க வேண்டும், வரவில்லை. அவ்வளவுதான் தெரியும். இடையில் எந்த நிமிடத்தில் நின்றது? தெரியாது. 1.19க்கு முன்பாகவும் இருக்கலாம், பின்பாகவும் இருக்கலாம். நடிப்பு, துரோகம் என்ற மொத்தக் கதையும் நின்றது அந்த 'முன்பே' என்ற ஒற்றை வார்த்தையின் மேல்!

ஏப்ரல் 1 அன்று உரையாடலின் முழு எழுத்து வடிவம் வெளியானது. கடைசியாகச் சொன்னது 'குட்நைட், மலேசியன் த்ரீ செவன் ஸீரோ'. எந்த விமானியும் வழக்கமாகச் சொல்கிற விடைபெறல். 2018 இறுதி அறிக்கை இன்னொன்றையும் சொன்னது. விமானம் மேலே போன பிறகு ரேடியோவில் பேசியவர் கேப்டன். அந்த இளைஞர் அல்ல!

அப்படியானால் கேப்டன்தானா? அவசரப்படாதீர்கள். விமானம் யாரோ ஓட்டித்தான் திரும்பியிருக்க வேண்டும் என்கிற அதே அறிக்கை, வெளியாள் தலையீட்டையும் ஒதுக்க முடியாது என்கிறது. காரணத்தைத் தீர்மானிக்க இயலவில்லை என்றுதான் முடிகிறது.

ஒழுங்காக யோசித்தவர்களும் இருந்தார்கள். இன்மார்சாட் நிறுவனத்தின் செயற்கைக்கோளுக்கும் விமானத்துக்கும் காலை 8.19 வரை சிக்னல் போய் வந்திருந்தது. சிக்னல் வந்து சேர்ந்த நேரத்தை வைத்துத் தூரம் கணக்கிட்டார்கள். அலைவரிசை மாறிய விதத்தை வைத்துத் திசை பார்த்தார்கள். மற்ற விமானங்களோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பிறகே, தெற்கு இந்தியப் பெருங்கடல் என்றார்கள். 2015 ஜூலையில் ஆப்பிரிக்கா பக்கம் ரீயூனியன் தீவில் இறக்கையின் ஒரு துண்டு ஒதுங்கியது. இந்தியப் பெருங்கடல் என்பது உறுதியானது. ஆனால் 'எங்கே' என்று சொன்ன கணக்கு 'யார்' என்று சொல்லவில்லை. சொன்னதாக அவர்கள் பீற்றிக்கொள்ளவும் இல்லை.

இனி இப்படி ஒரு செய்தி படித்தால், பேனாவை எடுத்து இரண்டு வரிகளுக்கு அடிக்கோடு போடுங்கள். ஒன்று, நடந்தது. மற்றது, நடந்திருக்கும் என்று எழுதியவர் நினைப்பது. இரண்டுக்கும் நடுவே பாலம் இருக்கிறதா, தாவல் இருக்கிறதா என்று பாருங்கள்.

தாவுவது எழுதுகிறவருக்குச் சுலபம். ஆனால் அந்த 27 வயசுப் பையன் வீட்டிலும் பேப்பர் படிப்பார்கள் இல்லையா?