தெருவிற் பிறந்த ஆங்கிலச் சொற்கள்

பொற்கொல்லர் தம்முட் பேசும்போது பொன்னைப் 'பறி' என்பர். யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பர். ஒரு கூட்டத்தார் பிறர் அறியாவண்ணம் தமக்குள் வழங்கும் இத்தகைய சொற்களுக்குக் குழூஉக்குறி என்று பெயரிட்டு, நம் இலக்கண நூலார் அவற்றையும் வழக்கின் ஒரு வகையாக ஏற்றுக்கொண்டனர். ஆங்கிலத்திலோ இவ்வகைச் சொற்களுக்கு அத்தகைய மதிப்பு எளிதிற் கிடைக்கவில்லை. அவை நெடுங்காலம் கள்வர் மொழியென்றே கருதப்பட்டன.

அவற்றை முதன்முதல் ஏட்டில் எழுதிவைத்தவர்களுள் ஒருவர் தொமஸ் ஹார்மன் என்னும் நாட்டுப்புறக் கனவான். கென்ற் பகுதியில் வாழ்ந்த இவர், தம் வாசலுக்கு வந்த இரவலரையும் நாடோடிகளையும் துருவி வினவி, அவர்தம் சூழ்ச்சிகளை மக்களுக்கு எச்சரிக்கும் நூலொன்றை எழுதினார். 1567ஆம் ஆண்டிற் பதிப்பான அந்நூலின் இறுதியில் அவர்களுடைய சொற்களும் பொருளும் காணப்படுகின்றன. மதுவைக் குறித்த 'பூஸ்' அங்கே உண்டு. உடையைக் குறித்த 'டட்ஸ்' அங்கே உண்டு. இவ்விரண்டும் இன்றும் இங்கிலாந்தில் வழங்குகின்றன. பிச்சைக்காரரைக் காட்டிக்கொடுக்க எழுதிய நூல், அவர்தம் மொழிக்குக் காப்பகமாயிற்று!

1710ஆம் ஆண்டில் ஜொனதன் சுவிப்ற் பத்திரிகையொன்றில் இப்புதுச் சொற்களின்மீது போர் தொடுத்தார். இலத்தீனத் தொடரொன்றை வெட்டிக் குறுக்கி, கும்பலைக் குறிக்க 'மொப்' என்கிறார்களே, முகத்தோற்றத்தைக் குறிக்கும் நீண்ட கிரேக்கச் சொல்லை நறுக்கிப் 'பிஸ்' என்கிறார்களே என்று நொந்துகொண்டார். பல ஆண்டு முயன்றும் 'மொப்' என்பதைத் தடுக்க இயலவில்லை என அவரே கூறினார். இன்று அச்சொல்லைக் கொச்சை என்று சொல்வார் யாருமிலர். 1755இல் வெளிவந்த பேரகராதியின் முகவுரையில் சாமுவேல் ஜோன்சனும், தொழிலாளரும் வணிகரும் அவ்வப்போது ஆக்கிக்கொள்ளும் சொற்கள் நிலையற்றவை, அழியவிடத்தக்கவை என்றே எழுதினார்.

முப்பது ஆண்டு கழித்து வந்தவர் வேறொரு போக்கினர். பிரான்சிஸ் குரோஸ் பருத்த உடலும் நகைச்சுவை உள்ளமும் வாய்ந்த பழம்பொருளாராய்ச்சியாளர். கவிஞர் ரொபேட் பேர்ன்ஸின் நண்பர். இரவு வேளைகளில் இலண்டனின் சந்துகளிலும் மதுச்சாலைகளிலும் துணைவர் ஒருவருடன் சுற்றித் திரிந்து சொற்களைத் திரட்டினார் என்பர். 1785இல் அவர் வெளியிட்ட பாமரர் மொழி அகராதியில் படைவீரர், மாலுமிகள், கள்வர் ஆகியோரின் சொற்கள் நிறைந்துள்ளன. இறத்தலை 'வாளியை உதைத்தல்' என்று சொல்லும் வழக்கை அதிற் காணலாம்.

இந்த வாளியிற் கால் இடறிக்கொள்ளும் மாணவர் பலர். தந்தையை இழந்த ஆங்கில நண்பனிடம், அவர் வாளியை உதைத்துவிட்டாரென்று கேட்டு வருந்தினேன் எனச் சொன்னால், வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஏதுமிராது; நட்புத்தான் மிஞ்சாது. சொல்லின் பொருளை அகராதி தரும். அதைத் துக்கவீட்டிற் சொல்லலாமா, மேலதிகாரியிடம் சொல்லலாமா என்பது அம்மொழியாரோடு பழகிய செவிக்கே புலப்படும். ஆகவே இத்தகைய சொற்களைக் கேட்டு விளங்கிக்கொள்ள விரைவதும், எடுத்தாளத் தாமதிப்பதும் நன்று என்பது என் கருத்து.

வேடிக்கையாகப் பிறந்த சொல்லொன்று உலகையே சுற்றியதும் உண்டு. நம்மூர்க் கடைக்காரரும் நாள்தோறும் சொல்லும் 'ஓக்கே', 1839 மார்ச் 23ஆந் தேதி பொஸ்ரன் நகரத்துப் பத்திரிகையொன்றில் தோன்றியது. எல்லாம் சரி என்பதற்கான ஆங்கிலத் தொடரை வேண்டுமென்றே பிழையாக எழுதி, அதன் முதலெழுத்துக்களை எடுத்து ஆடிய விளையாட்டு அது. மறுவருடத்து ஜனாதிபதித் தேர்தலில் மாட்டின் வான் பியூரனின் ஆதரவாளர், அவருடைய ஊர்ப்பெயரோடு கூடிய பட்டப்பெயரின் முதலெழுத்துக்களும் அவையே என்று கண்டு முழக்கமாக்கினர். இச்சொல்லின் பிறப்பை அலன் வோக்கர் றீட் என்னும் அறிஞர் 1963, 1964ஆம் ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகளால் நிறுவினார்.

சுவிப்ற் வெறுத்த அந்த நறுக்கும் பழக்கம் நிற்கவேயில்லை. பிறரை ஈர்க்கும் ஆற்றலைக் குறிக்கும் 'கரிஸ்மா' என்பதன் நடுப்பகுதியை மட்டும் எடுத்து, இளைஞர் 'ரிஸ்' என்றனர். 2023ஆம் ஆண்டின் சொல்லாக அதனைத் தெரிந்தெடுத்தது, ஒக்ஸ்போட் அகராதிகளை வெளியிடும் பல்கலைக்கழக அச்சகமே.